நாஸ் - ஜெய்-சி விவாதம்

நாஸ் - ஜெய்-சி விவாதம் என்பது, நியூயார்க் நகரைச் சேர்ந்த நாஸ், ஜெய்-சி ஆகிய இரு ராப் இசைக் கலைஞர்களில் யார் சிறந்தவர், எவருடைய இசைத்தொகுப்பு உயர்ந்தது என்று ஹிப் ஹாப் இரசிகர்களிடையே 1990களின் நடுப்பகுதியிலிருந்து நடைபெற்று வரும் வாதத்தைக் குறிக்கும். இது 2001 ஆம் ஆண்டில் இரு கலைஞர்களுக்கும் இடையே நேரடிப் பாட்டுப் போராக மாறியது. 2005 ஆம் ஆண்டில் இருவரும் மேடையில் சமரசமாயினர். ஆனால் இரசிகர்களின் வாதம் அதனுடன் முடிந்துவிடவில்லை. ராப் இசையை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்ற கேள்வி இவ்விவாதத்தின் அடிப்படையாக உள்ளது.

பின்னணி

ஹிப் ஹாப் பண்பாடு 1973 ஆம் ஆண்டு நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் தோன்றியதாகக் கொள்ளப்படுகிறது. தொடக்க காலம் முதலே போட்டி அதன் ஓர் உறுப்பாக இருந்து வந்துள்ளது. 1981 இல் கூல் மோ டீ, பிசி பீ ஆகியோர் மேடையில் மோதிக்கொண்டது புகழ்பெற்ற ஒரு நிகழ்வாகும். 1980களின் நடுவில் குயின்ஸ்பிரிட்ஜைச் சேர்ந்த எம்.சி. சான் தரப்பினரும் தென் பிராங்ஸைச் சேர்ந்த கேஆர்எஸ்-ஒன் தரப்பினரும் பாடல்கள் வழியாகவே ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டனர். இவ்வகைப் பாடல்கள் "டிஸ்" பாடல்கள் எனப்படுகின்றன. தமிழில் இவற்றை வசைப்பாட்டு எனலாம். எதிராளியின் சொல்லாற்றல், நேர்மை, பிறந்த இடம் ஆகிய அனைத்தும் இவற்றில் தாக்கப்படும். கேட்போரே நடுவர்கள். ஆகவே வாதிடுதல் என்பது ஹிப் ஹாப் இரசிகருக்குப் பொழுதுபோக்கு மட்டும் அன்று. அது அந்தக் கலையில் அவர் பங்கேற்கும் வழியும் ஆகும்.

1990களின் முற்பகுதியில் லாஸ் ஏஞ்சலஸ் நகரை மையமாகக் கொண்ட மேற்குக் கரை ராப் இசை விற்பனையில் முன்னணியில் இருந்தது. நியூயார்க் ராப் இசை மீண்டும் எழுந்ததற்கு 1994 இல் வெளியான நாஸின் இல்மேட்டிக், நொடோரியஸ் பி.ஐ.ஜி.யின் ரெடி டு டை ஆகிய இரு இசைத்தொகுப்புகள் முக்கிய காரணங்களாகக் கூறப்படுகின்றன. 1996 செப்டம்பரில் டூபாக் சக்கூரும், 1997 மார்ச்சில் நொடோரியஸ் பி.ஐ.ஜி.யும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன்பின் "நியூயார்க்கின் அரசன்" என்ற பட்டம் யாருக்கு உரியது என்ற கேள்வி எழுந்தது. ஜெய்-சி 1997 ஆம் ஆண்டின் பாடலொன்றில், தம் பகுதி மக்கள் பிக்கி, ஜெய்-சி, நாஸ் ஆகிய மூவரில் சிறந்தவர் யார் என நாள் முழுவதும் வாதிடுவதாகக் குறிப்பிட்டுள்ளார். கலைஞர்கள் இருவரும் மோதிக்கொள்வதற்கு முன்னரே இரசிகர்கள் வாதிடத் தொடங்கிவிட்டனர் என்பதற்கு இது ஒரு சான்று.

இரு கலைஞர்கள்

நாஸ்

நாஸ் என அறியப்படும் நசீர் ஜோன்ஸ் 1973 செப்டம்பர் 14 அன்று பிறந்தார். குயின்ஸ் பகுதியில் உள்ள குயின்ஸ்பிரிட்ஜ் அரசு குடியிருப்பில் வளர்ந்தார். 3,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்ட இது வட அமெரிக்காவின் மிகப்பெரிய அரசு குடியிருப்பாகும். இவரது தந்தை ஒலு டாரா ஒரு ஜாஸ் இசைக் கலைஞர். நாஸ் எட்டாம் வகுப்புடன் பள்ளிப் படிப்பை விட்டார். 1991 இல் மெயின் சோர்ஸ் என்ற குழுவின் "லைவ் அட் த பார்பிக்யூ" பாடலில் இவர் பாடிய பகுதி இவரைப் பரவலாக அறியச் செய்தது.

ஜெய்-சி

ஜெய்-சி என அறியப்படும் ஷான் கார்ட்டர் 1969 டிசம்பர் 4 அன்று பிறந்தார். புரூக்ளின் பகுதியின் மார்சி அரசு குடியிருப்பில் வளர்ந்தார். இசை நிறுவனங்கள் இவரை ஒப்பந்தம் செய்ய முன்வராத நிலையில் டேமன் டாஷ், கரீம் பர்க் ஆகியோருடன் இணைந்து ராக்-அ-ஃபெல்லா என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தபோது இவருக்கு வயது 26. வரிகளைத் தாளில் எழுதாமல் நினைவிலேயே அமைத்துப் பாடும் வழக்கத்திற்காக இவர் அறியப்படுகிறார்.

இல்மேட்டிக், ரீசனபிள் டவுட் ஒப்பீடு

இவ்விவாதத்தில் மிகுதியாக ஒப்பிடப்படுபவை இருவரின் முதல் இசைத்தொகுப்புகளே ஆகும்.

இல்மேட்டிக் 1994 ஏப்ரல் 19 அன்று கொலம்பியா நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. அப்போது நாஸுக்கு வயது 20. முன்னுரைப் பகுதி உட்பட 10 தடங்கள் கொண்ட இதன் நீளம் ஏறத்தாழ 40 நிமிடங்கள் மட்டுமே. டிஜே பிரீமியர், லார்ஜ் புரொபசர், பீட் ராக், கியூ-டிப், எல்.ஈ.எஸ். எனப் பலர் இதற்கு இசையமைத்தனர். ஒரு ராப் இசைத்தொகுப்பை ஒரே இசையமைப்பாளரிடமோ ஒரே குழுவிடமோ ஒப்படைப்பது அன்று பரவலான வழக்கமாக இருந்தது. பல முன்னணி இசையமைப்பாளர்களை ஒன்றுசேர்க்கும் முறை இதற்குப் பின் பரவலாயிற்று. விருந்தினராகப் பாடிய ராப்பர் ஏசீ ஒருவரே. வெளிவருவதற்கு முன்னரே இதன் திருட்டுப் பதிப்புகள் பரவின. பில்போர்டு 200 பட்டியலில் இது 12 ஆம் இடத்தையே எட்டியது. விற்பனையில் 10 இலட்சம் படிகளுக்கான பிளாட்டினம் சான்றிதழ் 2001 இல்தான் கிடைத்தது.

ரீசனபிள் டவுட் 1996 ஜூன் 25 அன்று வெளியானது. பில்போர்டு 200 பட்டியலில் 23 ஆம் இடத்தை எட்டியது. ஸ்கி, டிஜே கிளார்க் கென்ட், டிஜே பிரீமியர் முதலியோர் இசையமைத்தனர். மேரி ஜே. பிளைஜ், நொடோரியஸ் பி.ஐ.ஜி. ஆகியோர் விருந்தினராகப் பாடினர். டிஜே பிரீமியர் இவ்விரு தொகுப்புகளிலும் சரியாக மும்மூன்று பாடல்களுக்கு இசையமைத்துள்ளார் என்பது குறிப்பிடத்தக்கது. இதனால் ஒரே இசையமைப்பாளரின் கையில் இருவரின் திறமையையும் நேரடியாக ஒப்பிட முடிகிறது என்பர் இரசிகர்கள்.

இரண்டும் போதைப்பொருள் வணிகம் ஊடுருவிய வறிய குடியிருப்புகளின் வாழ்க்கையைப் பேசுகின்றன. ஆனால் பேசும் இடம் வேறு. நாஸ் சன்னலோரத்தில் நின்று தெருவைப் பார்த்துப் பதிவு செய்யும் இளைஞராகத் தோன்றுகிறார். சிறையில் உள்ள நண்பர்களுக்கு எழுதும் கடிதங்களாக அமைந்த "ஒன் லவ்" என்ற பாடல் இதற்கு எடுத்துக்காட்டு. ஜெய்-சி அவ்வணிகத்தில் ஈடுபட்டுப் பொருள் சேர்த்த ஒருவரின் குரலில், அதன் கணக்கையும் குற்றவுணர்வையும் பேசுகிறார். "டெவில்ஸ்" என்ற பாடலில் பணத்தாசை சிறுவயது நட்பை அழிப்பதை விவரிக்கிறார். முன்னதை விரும்புவோர் காட்சியின் கூர்மையையும், பின்னதை விரும்புவோர் அனுபவத்தின் முதிர்ச்சியையும் காரணமாகக் கூறுகின்றனர்.

ஐந்து மைக் மதிப்பீடு

அக்காலத்தில் இரசிகர்களின் வாதங்களுக்கு அடிப்படையாக அமைந்தது தி சோர்ஸ் என்ற இதழின் மதிப்பீடு ஆகும். 1988 இல் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்களால் செய்தி மடலாகத் தொடங்கப்பட்ட இவ்விதழ், இசைத்தொகுப்புகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை ஒலிவாங்கிகளை ("மைக்") வழங்கியது. ஐந்து மைக் என்பது காலத்தால் அழியாத படைப்பு என்பதன் அடையாளம். அது அரிதாகவே வழங்கப்பட்டது. இருபது வயது இளைஞர் ஒருவரின் முதல் தொகுப்பான இல்மேட்டிக் வெளியானபோதே ஐந்து மைக் பெற்றது. ரெடி டு டை நான்கரை மைக்குகளும், ரீசனபிள் டவுட் நான்கு மைக்குகளும் பெற்றன.

பின்னர் 2001 இல் ஜெய்-சியின் த புளூபிரின்டும், நாஸின் ஸ்டில்மேட்டிக்கும் ஐந்து மைக் பெற்றன. ஸ்டில்மேட்டிக் அதற்குத் தகுதியானதா, அல்லது பாட்டுப் போரின் பரபரப்பால் கிடைத்த மதிப்பெண்ணா என்பது இன்றுவரை வாதிடப்படுகிறது. 2005 இல் லில் கிம்மின் த நேக்கட் ட்ரூத் தொகுப்புக்கு ஐந்து மைக் அளிக்கப்பட்டபோது இதழின் நடுநிலைமை குறித்துப் பரவலாகக் கேள்வி எழுந்தது. அதன்பின் மைக் எண்ணிக்கையை இறுதித் தீர்ப்பாக எவரும் கொள்வதில்லை.

2001 ஆம் ஆண்டின் பாட்டுப் போர்

மோதலின் விதை ஒரு மாதிரியெடுப்பில் உள்ளது. ரீசனபிள் டவுட்டின் "டெட் பிரசிடென்ட்ஸ்" பாடல், நாஸின் "த வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்" பாடலின் மறுகலவையிலிருந்து நாஸின் குரலையே வெட்டியெடுத்துப் பல்லவியாகப் பயன்படுத்தியது. ஹிப் ஹாப்பில் இது இயல்பான செயல்முறை. பொதுவாக மரியாதையாகவே கருதப்படும். ஈழத்தமிழ்ப் பின்னணி கொண்ட எம்.ஐ.ஏ. (மாயா அருள்பிரகாசம்) அவர்களின் குரலும் 2008 இல் ஜெய்-சி பங்கேற்ற "ஸ்வாகா லைக் அஸ்" பாடலில் இவ்வாறே பயன்படுத்தப்பட்டது. ஆனால் நாஸ், ஜெய்-சி இடையே இருந்த மறைமுகப் போட்டியில் இது யாருக்குப் பெருமை என்பது பின்னர் ஒரு வாதப்பொருளாயிற்று.

நிகழ்வுகளின் வரிசை பின்வருமாறு:

- 2001 ஜூன்: ஹாட் 97 வானொலியின் சம்மர் ஜாம் நிகழ்ச்சியில் ஜெய்-சி "டேக்ஓவர்" பாடலின் ஒரு பகுதியைப் பாடினார். மாப் டீப் குழுவின் புராடிஜி சிறுவயதில் நடன உடையில் இருந்த படத்தைத் திரையில் காட்டினார். இறுதியில் நாஸையும் சாடினார். நாஸ் ஒரு தனிப்பாட்டு மூலம் பதிலளித்தார்.
- 2001 செப்டம்பர் 11: த புளூபிரின்ட் வெளியானது. முழுமையான "டேக்ஓவர்" இதில் இடம்பெற்றது. இசை கான்யே வெஸ்ட்.
- 2001 டிசம்பர்: ஸ்டில்மேட்டிக் வெளியானது. ரான் பிரவுஸ் இசையமைத்த "ஈதர்" இதில் இடம்பெற்றது.
- அதே மாதம்: ஜெய்-சி "சூப்பா அக்லி" என்ற பாடலை வானொலியில் வெளியிட்டார். ஹாட் 97 நேயர்களின் வாக்கெடுப்பில் நாஸ் வென்றார்.
- 2002: சம்மர் ஜாம் மேடையில் ஜெய்-சியின் உருவத்தைத் தூக்கிலிடுவதாக நடித்துக்காட்ட நாஸ் விரும்பினார். நிலையத்தார் மறுத்ததால் அவர் நிகழ்ச்சியில் பங்கேற்கவில்லை.

"டேக்ஓவர்" ஒரு வழக்கறிஞரின் வாதம் போன்றது. நாஸ் பத்தாண்டுகளுக்கு ஒரு நல்ல தொகுப்பு என்ற சராசரியில் உள்ளார் என்று கணக்கிட்டுக் காட்டுகிறது. மாதிரியெடுப்பு பற்றிய குறைக்கு, நாஸிடம் வெறும் வரியாக இருந்ததைத் தாமே பாடலாக்கியதாக விடையளிக்கிறது. "ஈதர்" இதற்கு நேர்மாறானது. அதில் கணக்குகள் குறைவு, கோபமும் ஏளனமும் மிகுதி. எனினும் இரு குற்றச்சாட்டுகள் ஆழமாகப் பதிந்தன. ஒன்று, ஜெய்-சி மறைந்த நொடோரியஸ் பி.ஐ.ஜி.யின் வரிகளை எடுத்தாள்கிறார் என்பது. மற்றொன்று, "ரெனகேட்" பாடலில் விருந்தினராக வந்த எமினெம், ஜெய்-சியின் சொந்தப் பாடலிலேயே அவரை மிஞ்சிவிட்டார் என்பது. வரிகளை எடுத்தாள்வது நண்பருக்குச் செய்யும் நினைவஞ்சலி என்பது ஜெய்-சி இரசிகர்களின் பதில்.

இதன் விளைவாக "ஈதர்" என்ற சொல் ஒருவரை வாதத்தில் முற்றிலும் வீழ்த்துதல் என்ற பொருளில் ஹிப் ஹாப் வழக்கில் வினைச்சொல்லாகவே நிலைபெற்றது. ஆயினும் பாடலாக்கத்தில் "டேக்ஓவர்" சிறந்தது, தாக்கத்தில் "ஈதர்" சிறந்தது என இரண்டையும் பிரித்து மதிப்பிடுவோர் பலர்.

எல்லை மீறலும் மன்னிப்பும்

இப்போரின் மிக முக்கியமான திருப்பம் "சூப்பா அக்லி" பாடலைத் தொடர்ந்து நிகழ்ந்தது. அதில் நாஸுடைய மகளின் தாயைப் பற்றிய இழிவான வரிகள் இடம்பெற்றன. ஜெய்-சியின் தாய் குளோரியா கார்ட்டர் அதைக் கேட்டு, மன்னிப்புக் கேட்குமாறு மகனைப் பணித்தார். ஜெய்-சி வானொலியில் பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டார். வசைப்பாட்டுக்கும் எல்லை உண்டு என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகக் காட்டப்படுகிறது. "ஈதர்" பாடலும் எதிராளியின் தோற்றத்தை ஏளனம் செய்தமைக்காகவும், ஒருபாலீர்ப்பை இழிவுச்சொல்லாகப் பயன்படுத்தியமைக்காகவும் விமர்சிக்கப்படுகிறது. இருவரின் தாக்குதல்களிலும் போரில் சம்பந்தமில்லாத பெண்ணே பகடைக்காயாக்கப்பட்டார் என்பது பிற்காலத்தில் வலுப்பெற்ற விமர்சனம்.

மற்றொரு கோணமும் உண்டு. டூபாக், பிக்கி ஆகியோரின் கொலைகள் நிகழ்ந்து ஐந்தாண்டுகள்கூட நிறைவடையாத நிலையில் இம்மோதல் தொடங்கியது. மீண்டும் இரத்தம் சிந்தப்படுமோ என்ற அச்சம் நிலவியது. அவ்வாறு நிகழவில்லை. சொல்லில் தொடங்கிய போர் சொல்லிலேயே முடிந்தது.

சமரசம்

2005 அக்டோபர் 27 அன்று நியூ ஜெர்சியில் ஜெய்-சி "ஐ டிக்ளேர் வார்" (நான் போர் அறிவிக்கிறேன்) என்ற தலைப்பில் நிகழ்ச்சி நடத்தினார். தலைப்பைக் கண்ட இரசிகர்கள் புதிய மோதலை எதிர்பார்த்தனர். மாறாக அவர் நாஸை மேடைக்கு அழைத்தார். மோதலின் விதையாக இருந்த "டெட் பிரசிடென்ட்ஸ்" பாடலின் இசையில், நாஸ் தம் வரிகளை நேரில் பாடினார். அப்போது டெஃப் ஜாம் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜெய்-சி, 2006 இல் நாஸை அந்நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தார். அதே ஆண்டு வெளியான நாஸின் ஹிப் ஹாப் இஸ் டெட் தொகுப்பில் இருவரும் இணைந்து பாடினர். 2007 இல் ஜெய்-சியின் அமெரிக்கன் கேங்ஸ்டர் தொகுப்பிலும் நாஸ் பாடினார்.

விவாதத்தின் அளவுகோல்கள்

இரசிகர்கள் முன்வைக்கும் வாதங்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

உச்சமும் தொடர்ச்சியும்: ஒரு கலைஞரை அவருடைய தலைசிறந்த படைப்பைக் கொண்டு அளப்பதா, மொத்தப் படைப்புகளைக் கொண்டு அளப்பதா என்பது முதன்மையான பிளவு. முதலாவது அளவுகோலில் இல்மேட்டிக் நாஸுக்குச் சாதகமாகிறது. இரண்டாவதில் ரீசனபிள் டவுட், த புளூபிரின்ட், த பிளாக் ஆல்பம் என அடுக்கும் ஜெய்-சி தரப்பு வலுப்பெறுகிறது. 1999 இல் வெளியான நாஸ்ட்ரடாமஸ் நாஸின் பலவீனமாகவும், 2006 இல் வெளியான கிங்டம் கம் ஜெய்-சியின் பலவீனமாகவும் காட்டப்படுகின்றன. 2013 இல் ஜெய்-சி தம் தொகுப்புகளைத் தாமே வரிசைப்படுத்தியபோது ரீசனபிள் டவுட்டுக்கு முதலிடமும், கிங்டம் கம்முக்குக் கடைசி இடமும் அளித்தார்.

சொல்லாட்சி: நாஸின் வலிமை கதைசொல்லலும் அடிக்குள் அடுக்கப்படும் இயைபுகளும் ஆகும். துப்பாக்கியே தன் கதையைச் சொல்வதாக அமைந்த "ஐ கேவ் யூ பவர்", கதையை முடிவிலிருந்து தொடக்கத்துக்குக் கொண்டு செல்லும் "ரீவைண்ட்" ஆகியவை சுட்டப்படுகின்றன. ஜெய்-சியின் வலிமை சிலேடையும், உரையாடுவது போன்ற இயல்பான நடையும் ஆகும். முதல் கேட்பில் எளிமையாகத் தோன்றும் வரி, பலமுறை கேட்டபின் இரண்டாம் பொருள் தருவதாக இவரது இரசிகர்கள் கூறுவர்.

இசைத் தேர்வு: நாஸ் நல்ல வரிகளை மந்தமான பின்னணி இசையில் வீணாக்கினார் என்பது நீண்டகாலக் குற்றச்சாட்டு. 2020 முதல் 2023 வரை ஹிட்-பாய் என்ற இசையமைப்பாளருடன் இணைந்து அவர் வெளியிட்ட ஆறு தொகுப்புகள் இக்குறையைப் பெருமளவு நீக்கியதாகக் கருதப்படுகிறது.

விற்பனையும் கலையும்: 2017 இல் வெளியான 4:44 உடன் ஜெய்-சியின் 14 தொகுப்புகள் பில்போர்டு 200 பட்டியலில் முதலிடம் பெற்றிருந்தன. விற்பனை மக்களின் தீர்ப்பு என்பது ஒரு தரப்பு. விற்பனைக்காக எளிமைப்படுத்துவது கலையை விட்டுக்கொடுப்பது என்பது மறுதரப்பு. வறுமையிலிருந்து எழுந்த ஒரு கலையில் பொருள் ஈட்டுவதைக் குறையாகக் கூற முடியுமா என்ற கேள்வியும் இங்கு எழுகிறது.

அங்கீகாரம்

எம்டிவி 2006 இல் வெளியிட்ட எக்காலத்துக்குமான சிறந்த ராப்பர்கள் பட்டியலில் ஜெய்-சி முதலிடமும் நாஸ் ஐந்தாம் இடமும் பெற்றனர். 2017 இல் பாடலாசிரியர்கள் புகழ் மன்றத்தில் இடம்பெற்ற முதல் ராப்பர் ஜெய்-சி ஆவார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நாஸின் பெயரில் ஓர் ஆய்வு நல்கை 2013 இல் நிறுவப்பட்டது. இல்மேட்டிக் பற்றிய "டைம் இஸ் இல்மேட்டிக்" என்ற ஆவணப்படம் 2014 இல் வெளியானது. பல முறை பரிந்துரைக்கப்பட்டும் கிராமி விருது பெறாதிருந்த நாஸ், 2021 இல் கிங்ஸ் டிசீஸ் தொகுப்புக்காக முதல் கிராமி விருதைப் பெற்றார்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் 2019 இல் த புளூபிரின்டும் 2021 இல் இல்மேட்டிக்கும் சேர்க்கப்பட்டன. பாதுகாக்கப்பட வேண்டிய பண்பாட்டுச் செல்வங்கள் என்ற வகையில் இரண்டும் ஒரே பதிவேட்டில் உள்ளன. எது உயர்ந்தது என்பதை அப்பதிவேடு கூறுவதில்லை.

இவற்றையும் பார்க்க

- ஹிப் ஹாப்
- ராப் இசை
- இல்மேட்டிக்
- ரீசனபிள் டவுட்
- நொடோரியஸ் பி.ஐ.ஜி.
- குயின்ஸ்பிரிட்ஜ்